மண்ணுக்குள் கிடந்த மெசின்

வன்னியில் இடம்பெயர்வு என்றால் தூக்கக்கூடியதைத் தூக்குவதும் மிச்சத்தைத் தாட்டுவிட்டுப் போவதும்தான். 1996இல் இராணுவத்தின் சத்ஜெய நடவடிக்கை தொடங்கியபோது கிளிநொச்சியை விட்டு ஓடியவர்கள் தாட்டார்கள்; 2008இன் கடைசி மாதங்களில் ஓடியவர்களும் தாட்டார்கள். தண்ணீர் இறைக்கிற மெசின், தையல் மெசின், பித்தளைப் பாத்திரம் என்று சாக்கில் சுற்றி, கிரீஸ் இருந்தவர்கள் கிரீஸ் பூசி, வளவுக்குள் கிடங்கு வெட்டி இறக்கினார்கள். செட்டிகுளம் மெனிக் பாம் அகதி முகாமிலிருந்து திரும்பி வந்து தோண்டியபோது சிலருக்கு அவை கிடைத்தன. அப்படி வெளியே வந்த சிங்கர் கை மெசின்களைத் திருத்துவதே என் வேலை.

எங்கள் மண்ணில் துருப்பிடித்துக் கிடக்கிற இரும்பு எல்லாம் மெசின் அல்ல. துவக்கின் துண்டோ, வெடிபொருளோ, என்னவென்று விளங்காத எதுவோ மண்வெட்டியில் பட்டால் அந்த இடத்திலேயே விட்டுவிட்டு விலக வேண்டும். ஹலோ ட்ரஸ்ட், மாக் போன்ற கண்ணிவெடி அகற்றும் நிறுவனங்கள் 2002இலிருந்து இங்கே வேலை செய்கின்றன. அது அவர்களுடைய தொழில், எங்களுடையது அல்ல.

மெசின் வந்ததும் எந்த ஊர் மண்ணில் கிடந்தது என்றுதான் முதலில் கேட்பேன். முரசுமோட்டைப் பக்கத்து வயல் மண்ணில் கிடந்ததன் துரு தடித்த பொருக்காக இருக்கும்; தட்டினால் கழலும். முள்ளிவாய்க்கால், மாத்தளன் கரையோர மணலில் கிடந்ததைப் பார்த்தால் அவ்வளவு மோசமாகத் தெரியாது. துடைத்து எண்ணெய் பூசி வைத்தால் நல்ல பிள்ளை போல இருக்கும். மாரி தொடங்கிக் காற்று ஈரமானதும் இரும்பின் மேல் கடுகளவில் மஞ்சள் நீர்ப் பொட்டுகள் பூக்கும். அருகில் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு பொட்டின் அடியிலும் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். அது இரும்புக்குள் இறங்கிய உப்பின் வேலை. உப்பை வெளியே எடுக்காமல் துருவை மட்டும் சுரண்டினால் அடுத்த ஐப்பசியில் துரு திரும்பவும் வரும்.

அதனால் பூச்சு இல்லாத துண்டுகளைக் கழற்றிச் சலவைச் சோடாக் கரைசலில் போடுகிறேன். பிறகு 12 வோல்ட் பற்றரி சார்ஜரின் எதிர்முனையைத் துருப்பிடித்த துண்டிலும் நேர்முனையை ஒரு பழைய இரும்புத் தகட்டிலும் கொடுப்பேன். தகடு எவர்சில்வராக இருக்கவே கூடாது. அதிலுள்ள குரோமியம் தண்ணீரில் இறங்கி நஞ்சாகும். எரியக்கூடிய வாயுவும் கிளம்பும் என்பதால் இதை முற்றத்தில் வைத்துத்தான் செய்ய வேண்டும். துரு கறுத்து, விரலால் தேய்த்தாலே போகும். அதற்குப் பிறகும் சோடாத் தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவிடுவேன். அமெரிக்காவில் 1864இல் மூழ்கி 2000இல் தூக்கப்பட்ட ஹன்லி என்ற நீர்மூழ்கிக் கப்பலைக் காரத் தொட்டியில் ஆண்டுக்கணக்காக வைத்திருந்ததும் உப்பை இறக்கத்தான். எனக்கு அவ்வளவு காலம் தேவையில்லை. ஊசித் தட்டும் சட்டிலும் சின்னச் சாமான்கள்.

மெசினின் உடம்பைச் சோடாவில் போடக் கூடாது. அதன் கறுப்பு நிறம், நிலக்கீல் கலந்து சூளையில் சுட்ட பூச்சு. அதன் மேல் பொன்னிறப் பூவேலை, அதற்கு மேல் மெல்லிய வார்னிஷ். காரம் பட்டால் பூச்சே உரியும். ஸ்பிரிட் பட்டால் வார்னிஷ் வெளுக்கும். மண்ணெண்ணெய் நனைத்த பழைய பருத்தித் துணியால் மெல்லத் துடைத்தால் போதும்.

“தம்பி, பெயின்ற் அடிச்சுப் புதுசாக்கித் தாங்கோவன்” என்று அம்மாமார் கேட்பார்கள். நான் மறுத்துவிடுவேன். சிங்கர் கம்பனி இலங்கைக்கு வந்தது 1877இல். ஒய் என்ற எழுத்தில் தொடங்கும் இலக்கம் உள்ள மெசின் ஸ்கொட்லாந்தின் கிளைட்பாங்க் ஆலையில் 1920களிலோ 30களின் முற்பாதியிலோ செய்யப்பட்டது. அந்த ஆலை 1980இல் மூடப்பட்டுவிட்டது. அந்தப் பூவேலையை இனி ஒருவரும் அந்தப் பக்குவத்தில் போட்டுத் தரப்போவதில்லை. தைப்பவரின் கை உரசி உரசிப் பூ அழிந்த இடத்தில் பெயின்ற் அடித்தால் அவர் எந்தப் பக்கம் கை வைத்துத் தைத்தார் என்பதும் அழிந்துபோகும். பள்ளம் விழுந்த இடத்தில் மெழுகு பூசுவேன், அவ்வளவுதான்.

எனக்கு மிகப் பிடித்த கட்டம் இறுகிய தண்டை இளக்குவது. சுத்தியல் எடுக்கக் கூடாது. வார்ப்பிரும்பு வெடித்தால் ஒட்டுவது கடினம். மண்ணெண்ணெயும் மெசின் எண்ணெயும் பாதிக்குப் பாதி கலந்து ஒவ்வொரு எண்ணெய்த் துளையிலும் சொட்டு விட்டு வெயிலில் வைப்பேன். இரவில் குளிரும், பகலில் சுடும். அந்த விரிவிலும் சுருக்கத்திலும் எண்ணெய் உள்ளே இறங்கும். தினமும் கைச்சில்லை முன்னுக்கும் பின்னுக்கும் ஒரு மயிரிழை அசைத்துப் பார்ப்பேன். ஒருநாள் தண்டின் ஓரத்தில் தேத்தண்ணிச் சாயம் போல ஒரு கோடு கசியும். துரு எண்ணெயோடு வெளியே வருகிறது என்று அர்த்தம். அன்றைக்கும் அவசரப்பட்டு முழுச் சுற்றுச் சுற்றக் கூடாது. கரைந்த துருத்தூள் உள்ளே அரைத்துவிடும். மண்ணெண்ணெயால் கழுவி, திரும்ப எண்ணெய் விட்டுத்தான் சுற்ற வேண்டும்.

பல மெசின்கள் துருவால் இறுகவில்லை, தேங்காயெண்ணெயால் இறுகின. மெசின் எண்ணெய் கிடைக்காத காலத்தில் வீட்டில் இருந்ததை விட்டார்கள்; அது நாளாகப் பிசினாகிப் பிடித்துக்கொண்டது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த மெசினில்தான் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டை தைக்கப்பட்டது.

திருப்பிக் கொடுக்கும் முன் வெள்ளைத் துணியை இரண்டாக மடித்து, மேலே கறுப்பு நூலும் பொபினில் சிவப்பு நூலும் போட்டு ஒரு நேர்கோடு தைப்பேன். இரண்டு நூலும் துணியின் நடுவுக்குள் பூட்டிக்கொள்ள வேண்டும். மேலே சிவப்புப் பொட்டுத் தெரிந்தால் மேல் நூலின் இறுக்கத்தைத் தளர்த்துவேன். அடியில் கறுப்புத் தெரிந்தால் இறுக்குவேன். அந்தத் துணித் துண்டை மெசினோடு சேர்த்துக் கொடுத்து, ஐப்பசி பிறக்கும் முன் எண்ணெய் விடச் சொல்லி அனுப்புவேன்.