வழி சொன்னவர்கள்

இராமேசுவரத்தில் மிதிக்கத் தொடங்கி அன்று ஏழாம் நாள். விடியும் முன்பே புதுச்சேரியை விட்டுக் கிளம்பியிருந்தேன். வீடு இருக்கும் திருப்போரூருக்கு இன்னும் சுமார் 110 கிலோமீட்டர். எங்கள் பக்கத்துத் திருக்கழுக்குன்றத்துக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே ஒரே நாளில் கழுகுகள் பறந்துவிடும் என்பது ஐதிகம். அவற்றுக்கு முழங்கால் வலி இருந்திருக்காது.

தனியாகப் போகிறேன் என்று சொன்னதும் வீட்டில் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மிளகாய்ப்பொடி. "எவனாவது வழிமறிச்சா மூஞ்சில அடிச்சுடு" என்றார் அம்மா. ஆறு நாளாக அது பையின் முன்னறையிலேயே கிடந்தது. வழிமறித்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எங்கேந்து வர்றீங்க?"

இந்தக் கிழக்குக் கடற்கரைச் சாலை ஒரே மூச்சில் போட்டதல்ல. கடலோரக் கிராமங்களுக்குள் கிடந்த துண்டுச் சாலைகளை 1990களின் பிற்பகுதியில் ஒன்றோடொன்று கோத்து அகலமாக்கியது. இப்போது நான்குவழியாக்கும் வேலை நடக்கிறது. காலாப்பட்டில் பல்கலைக்கழகத்தைத் தாண்டும்வரை நல்ல நிழல். பிறகு சாலையும் வெயிலும்தான்.

கூனிமேட்டைத் தாண்டியதும் பின்சக்கரம் தரை தட்டியது. பையில் ஒட்டுப் போடும் சாமான் இருந்தது. ஆனால் சொல்யூஷன் குழாய் காய்ந்து கல்லாகிவிட்டிருந்தது. ட்யூபைக் கையில் வைத்துக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தபோது எக்ஸெல் வண்டியில் மீன்பெட்டி கட்டிய ஒருவர் வந்து நின்றார். என்னைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார்.

"வீலைக் கழட்டிட்டீங்கல்ல, எடுத்துக்கினு ஏறுங்க. மரக்காணத்துல ஒரு கடை இருக்கு."

"மீன் கெட்டுடாதா?"

"ஐஸ் இருக்கு, ஏறுங்க."

சக்கரமில்லாத சைக்கிளை எதிர் வீட்டுத் திண்ணையில் சாய்த்தோம். வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அம்மாளிடம் அவர் "பாத்துக்கோ அக்கா" என்றார். அவர்களுக்குள் பழக்கம் என்றுதான் நினைத்தேன். வழியில் கேட்டபோது, "யாருன்னு தெரியாது சார், அக்கான்னா பாத்துக்கும்" என்றார்.

மரக்காணத்தில் சாலையோரம் உப்பளங்கள். மாசி வெயிலில் பாத்திகள் கண்ணாடியாய்க் கிடந்தன. அப்பால் கழுவெளி, 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட உவர்நீர்ப் பரப்பு. கடைக்காரர் பெரியவர். ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்து, டயருக்குள் விரலை ஓட்டி, வேலிகாத்தான் முள் ஒன்றைப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார். இரண்டு ஓட்டை, இரண்டு ஒட்டு. காசு ஒன்றுக்குத்தான் வாங்கினார். "இன்னொண்ணு பழைய ஓட்டை தம்பி. யாரோ ஒழுங்கா ஒட்டல. அதுக்கு எப்பிடிக் காசு வாங்குறது?" கிளம்பும்போது சொன்னார்: "கடப்பாக்கத்துல ஒரு அம்மா கடை வச்சிருக்கு. நான் அனுப்பிச்சேன்னு சொல்லுங்க."

மீன்காரர் என்னைத் திரும்பக் கொண்டுவந்து விடும்போது பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியிருந்தது. திண்ணையில் சைக்கிள் பத்திரமாக இருந்தது. வெயில் படாமல் இருக்கையின் மேல் யாரோ ஒரு சாக்கைப் போட்டிருந்தார்கள்.

ஒரு பங்ச்சருக்கு மூன்று பேர். காரில் போயிருந்தால் இந்த மூவரில் ஒருவரையும் பார்த்திருக்க மாட்டேன். காரில் போகிறவனை நிறுத்தி யாரும் எங்கேந்து வர்றீங்க என்று கேட்பதில்லை. சைக்கிள்காரன் போகிற வேகத்தில் கேள்வியும் கேட்கலாம், பதிலும் சொல்லலாம். அவனுக்கு இன்னும் அரை மணியில் தாகம் எடுக்கும் என்பது பார்க்கிறவர்களுக்கே தெரிகிறது.

அயர்லாந்தின் டெர்வ்லா மர்ஃபிக்குப் பத்தாவது பிறந்தநாளில் ஒரு சைக்கிளும் ஒரு உலகப்பட நூலும் பரிசாகக் கிடைத்தன. சைக்கிளிலேயே இந்தியா போவது என்று அப்போதே முடிவு செய்தார். 1963-ல் கிளம்பித் தனியாகவே தில்லி வந்து சேர்ந்தார். பையில் ஒரு கைத்துப்பாக்கி. வழியில் ஓநாய்கள் பாய்ந்தபோது அது உதவியது. ஆனால் துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் என்று அவரைக் கொண்டுவந்து சேர்த்தது முன்பின் தெரியாதவர்கள் கொடுத்த ரொட்டியும் தேநீரும் படுக்க இடமும்தான்.

என் துப்பாக்கி கடப்பாக்கத்தில் வெளியே வந்தது. பெரியவர் சொன்ன கடையைக் கண்டுபிடித்து, "மரக்காணம் பங்ச்சர் கடைக்காரர் அனுப்பினார்" என்றேன். அந்த அம்மாள் யோசித்துப் பார்த்தார். "எந்தப் பங்ச்சர் கடை? தெரியலையே. சரி, உக்காருப்பா." டீ வந்தது. கேட்காமலே நாலு வெள்ளரிப்பிஞ்சை நறுக்கித் தட்டில் வைத்தார். "உப்பு இருக்கு, தூள்தான் தீந்துபோச்சு." பொட்டலத்தைப் பிரித்தேன். அவரும் நானும், பக்கத்தில் பீடி பிடித்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் தொட்டுக்கொண்டு தின்றோம். மீதியை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

கடப்பாக்கம் என்றால் ஆலம்பரைக் கோட்டைதான் பலருக்கு நினைவு வரும். 1760-ல் ஆங்கிலேயர் இடித்தது போக மிஞ்சிய சுவர்கள் கடலைப் பார்த்து நிற்கின்றன. எனக்கு அங்கே நினைவு வந்தது கோட்டையல்ல, பேரூராட்சிப் பலகையில் இருந்த பெயர்: இடைக்கழிநாடு. சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனாரின் நாடு. இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் என்பதே அவர் முழுப்பெயர். அந்த நூலில் வரும் எயிற்பட்டினம் மரக்காணமே என்பது ஆய்வாளர் பலர் கருத்து. அதாவது காலையில் நான் முள்ளோடு நின்ற ஊர்.

ஆறு என்றால் வழி. பரிசு பெற்றுத் திரும்புகிற பாணன், எதிரே பசியோடு வருகிற இன்னொரு பாணனை நிறுத்தி வழி சொல்வதுதான் ஆற்றுப்படை. நல்லியக்கோடன் என்ற அரசனின் கொடையைப் புகழவே எழுந்த பாட்டு இது. ஆனாலும் 269 அடிகளில் என் மனத்தில் நிற்பவர்கள் வழியிலிருக்கும் சனங்கள். எயிற்பட்டினத்துக்குப் போனால் பரதவர் கள்ளும் சுட்ட குழல்மீனும் தருவார்கள். வேலூரில் எயினர் வீட்டில் புளிச்சோறும் ஆமான் கறியும். ஆமூரில் உழவர் வீட்டில் வெண்சோறும் நண்டும். அரசனிடம் போய்ச் சேரும் முன்பே மூன்று ஊர்களில் வயிறு நிறைந்துவிடுகிறது. அந்த வீட்டுக்காரர்கள் யாருக்கும் நூலில் பெயர் இல்லை. வருகிறவனும் அவர்களுக்கு முகம் தெரியாதவன்தான். பள்ளியில் இதைப் படித்தபோது இலக்கிய மரபு என்று மனப்பாடம் செய்தேன். வெள்ளரிப்பிஞ்சுக்குப் பிறகு அது வெறும் நடைமுறைத் தகவலாகத் தெரிந்தது.

கூவத்தூர் வரை காற்று எதிரில் நின்றது. வாயலூரில் பாலாற்றுப் பாலம். தண்ணீரைவிட மணல்தான் அதிகம். கல்பாக்கத்தில் அணுமின் நிலையச் சுவர், சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கோட்டை. இரண்டையும் பார்த்தபடியே மிதித்தேன். மாமல்லபுரத்தில் பேருந்து பேருந்தாக ஆட்கள். எல்லோருமே வெளியூர்க்காரர்களாக இருக்கும் இடத்தில் எங்கேந்து என்று கேட்பதற்கு ஆள் இல்லை. கேட்ட ஒருவரும் கையில் சங்குமாலை வைத்திருந்தார்.

பூஞ்சேரிக் கூட்டுச்சாலையில் பழைய மகாபலிபுரம் சாலைக்குத் திரும்பும்போது எதிரே ஒரு சைக்கிள். இருபக்கமும் பை, பின்னால் சுருட்டிய பாய். இருபது, இருபத்தொரு வயது இருக்கும். சென்னையிலிருந்து காலையில் கிளம்பியிருக்கிறான். இராமேசுவரம் போக வேண்டுமாம். முகத்தில் முதல்நாள் பயம் இருந்தது.

"எங்க தங்குறதுன்னே தெரியலண்ணா. ஆளுங்க எப்பிடியோ..."

நான் வாய் திறந்தேன். கடப்பாக்கத்தில் ஒரு அம்மாள் கடை இருக்கிறது, மிளகாய்ப்பொடி கூட வைத்துவிட்டு வந்திருக்கிறேன். மரக்காணத்தில் பெரியவர் ஒருவர், பழைய ஓட்டைக்குக் காசு வாங்கமாட்டார். கூனிமேட்டுப் பக்கம் நீலக்கதவு வீட்டுத் திண்ணை, அக்கா என்று கூப்பிட்டால் போதும். பையன் கைபேசியில் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டான். "உங்க பேரச் சொல்லவா?" என்று கேட்டான். சொன்னாலும் தெரியாது, சொல்லாவிட்டாலும் டீ வரும் என்றேன்.

பையனூர், ஆலத்தூர் தாண்டி இருட்டும் நேரத்தில் ஊருக்குள் நுழைந்தேன். கந்தசுவாமி கோயிலில் மாசிப் பெருவிழா. இந்தக் கோயிலை எடுத்த சிதம்பர சுவாமிகளும் 17-ஆம் நூற்றாண்டில் இங்கே அந்நியராக வந்தவர்தான். திருப்போரூருக்குப் போ என்று மதுரையில் மீனாட்சியே வழி சொல்லி அனுப்பினாள் என்பார்கள். வந்து பார்த்தபோது பனங்காடு இருந்ததாம். இப்போது அந்த இடத்தில் ஒலிபெருக்கியும் பொரிக்கடையும் அடுக்குமாடி விளம்பரங்களும்.

மாடவீதி முனையில் நீர்மோர்ப் பந்தல். கூட்டத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனவனை ஒரு இளைஞன் கையைப் பிடித்து நிறுத்தினான். ஊருக்குப் புதிதாகக் குடிவந்தவனாக இருக்க வேண்டும்; எனக்கு அவனைத் தெரியவில்லை. பையையும் புழுதியையும் பார்த்துவிட்டுக் கேட்டான்: "எங்கேந்து சார் வர்றீங்க?"

"இந்த ஊருதான்பா. நாலு தெரு தள்ளி வீடு."

அவன் நம்பவில்லை. பக்கத்திலிருந்தவனிடம், "பாவம்டா, ரொம்ப தூரத்துலேந்து வர்றாரு, பெரிய டம்ளர்ல குடு" என்றான். இஞ்சியும் கறிவேப்பிலையும் மிதந்த மோரை நின்றபடியே குடித்து முடித்தேன். கோயிலுக்குப் போகும் வழியைக் கையைக் காட்டிச் சொன்னான். தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன்.