சாமத்து ஹெட்போன்



ஓ.எல். பிள்ளைகளுக்கான பாட வீடியோக்களை இரவு பதினொரு மணிக்குப் பிறகுதான் எடிட் பண்ணுவேன். எங்கள் வீட்டு நடுச்சுவர் முகட்டை முட்டாது. பழைய ஹெட்போன் ஓபன்-பேக். காதுமூடியின் வெளிப்பக்கம் வலைதான். நான் கேட்கும் சத்தம் வெளியேயும் கசியும். "மகன், இன்னும் படுக்கலயா?" என்று உம்மா நித்திரை கெட்டுக் கேட்பா.

அதனால் பின்பக்கம் மூடிய க்ளோஸ்ட்-பேக் ஒன்று வாங்கினேன். கசிவு நன்றாகக் குறைந்தது. வெளி இரைச்சலும் குறைந்ததால் வொலியூமையும் குறைக்க முடிந்தது. அது காதுக்கும் நல்லது: 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணித்தியாலம்தான் பெரியவர்களுக்கான எல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மூன்றாம் நாள் சாமம், உம்மா தண்ணீர் கேட்டுக் கூப்பிட்டிருக்கிறா. எனக்குக் கேட்கவில்லை. சுவரைப் பிடித்துப் பிடித்துத் தானே எழும்பி வந்து என் தோளைத் தொட்டா.

"வேலையா இருக்கிறாயாக்கும் என்டு நினைச்சன்."

வழியில் விழுந்திருந்தால்?

ஹெட்போனை மாற்றவில்லை. இப்போது ஒரு காதை மட்டும் மூடுகிறேன். மற்றப் பக்கச் சத்தத்தைக் கம்ப்யூட்டரிலேயே நிறுத்திவிடுவேன், கசியாது. உம்மாவின் அறைப் பக்கத்துக் காது திறந்திருக்கும்.

வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே போட்டுப் பாருங்கள். பக்கத்தில் நிற்பவருக்குச் சத்தம் கேட்கிறதா என்று விசாரியுங்கள். வீட்டில் வயதானவர்களோ கைக்குழந்தையோ இருந்தால், அவர்கள் கூப்பிட்டால் உங்களுக்குக் கேட்குமா என்பதையும் யோசியுங்கள்.