ஆடு, நாய், நெஞ்சு

வேலந்தாவளம். கொழிஞ்சாம்பாறை. அட்டப்பாடியின் கிழக்குப் பக்கம். இடுக்கியில் மறையூர், சின்னாறு. கேரளம்தான், ஆனால் மழை மறைவுப் பகுதி. ஆடு மேய்க்கத் தோதான காய்ந்த மண்.

ஈரக் கேரளத்தில் செம்மறியைப் பார்ப்பது அபூர்வம். இங்கே பார்க்கலாம்.

ஆட்டையும் நாயையும் நம்பி வாழும் நாடாப்புழு ஒன்று உண்டு. அதன் நீளம் 3 முதல் 6 மில்லிமீட்டர். நாடாப்புழு என்றதும் முழக்கணக்கில் நினைத்துக்கொள்கிறோம். இதற்கு மூன்று நான்கு கணுதான். நாயின் குடலில் நூற்றுக்கணக்கில் கிடக்கும். நாய்க்கு ஒன்றும் ஆகாது. வாலை ஆட்டிக்கொண்டு வரும்.

முட்டை நாயின் மலத்தில். அப்புறம் புல்லில், தண்ணீரில், கீரையில், நாயின் முடியில். ஆடு மேய்கிறது. பிள்ளை நாயைத் தடவிவிட்டு விரல் சப்புகிறது.

ஆட்டுக்கறி தின்று இந்தப் புழுநோய் மனுசனுக்கு வராது. எல்லோரும் கறியைத்தான் சந்தேகப்படுகிறார்கள்.

மனுசன் குடலில் முட்டை பொரிந்து, ரத்தத்தில் ஏறி, முதல் நிறுத்தம் கல்லீரல். பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். தப்பியது நுரையீரலுக்கு. மெத்தென்ற இடம். அங்கே குஞ்சு நீர்க்கட்டியாகி வேகமாகப் பெருக்கும். பிள்ளைகளுக்கு இன்னும் வேகம்.

வருசக்கணக்கில் ஒரு தொந்தரவும் தெரியாது. பிறகு இருமல். எக்ஸ்ரேயில் ஒரு வட்டம். டிபியா, கேன்சரா என்று வீடே கலங்கிப்போகும்.

கட்டி உடைந்தால்: திடீரென்று வாய் நிறைய உப்புக் கரிக்கும் தண்ணீர். கூடவே வெள்ளைத் தோல், இளநீர் வழுக்கை மாதிரி. உடம்பெல்லாம் தடிப்பு. சிலருக்கு ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து.

அந்தத் தோலைத் துப்பிவிட்டு வந்துவிடாதீர்கள். டப்பாவில் போட்டு டாக்டரிடம் காட்டுங்கள். நோயைக் கையோடு காட்டிக்கொடுக்கும்.

கல்லீரல் கட்டியில் ஊசியால் நீரை உறிஞ்சி, மருந்து செலுத்தி, மறுபடி உறிஞ்சும் முறை உண்டு. நுரையீரலில் கூடாது. சிந்திய நீரிலிருந்து புதுக் கட்டி முளைக்கலாம்.

நுரையீரல் கட்டிக்கு ஆபரேஷன். கட்டியைச் சுற்றி உப்புக்கரைசலில் நனைத்த துணிகள். சாதா சலைன் இல்லை, செறிவு கூடியது, புழுக்குஞ்சைக் கொல்வது. நுரையீரல் தன் பங்குக்குக் கட்டிய மேலுறையை மட்டும் மெல்லக் கீறுகிறார்கள். மயக்க மருந்து டாக்டர் காற்றை அழுத்துகிறார். நுரையீரல் உப்புகிறது. வெள்ளைக் கட்டி உடையாமல் முழுசாக வெளியே தள்ளப்படுகிறது. நெஞ்சைக் காப்பாற்ற அந்த நெஞ்சின் மூச்சையே பிடித்துக்கொண்டது யார் யோசனையோ, கும்பிடத் தோன்றுகிறது.

ஞாயிறு காலை, ரோட்டோரக் கறிக்கடை. கடைக்காரர் ஆட்டு ஈரலைப் புரட்டிப் பார்க்கிறார். கொப்புளம் தெரிகிற துண்டை அறுத்துப் பின்னால் வீசுகிறார். நல்லதை எடை போடுகிறார்.

பின்னால் நாய்கள்.

நோயாளிக்கு மாத்திரை: அல்பெண்டசோல் 400 மில்லிகிராம். இரண்டு வேளை, 28 நாள். 14 நாள் இடைவெளி. மறுபடி. வெறும் வயிற்றில் போட்டால் உடம்பில் சரியாகச் சேராது. நெய், எண்ணெய் சேர்ந்த சாப்பாட்டோடு.

பெரிய கட்டி உடையாமல் இருக்கும்போது மாத்திரையை முந்திக்கொண்டு தந்தால் தோல் நைந்து உடையலாம். அதனால் பல டாக்டர்கள் ஆபரேஷனுக்குப் பிறகே தொடங்குகிறார்கள்.

பள்ளிக்கூடத்தில் பூச்சி மருந்தென்று பிள்ளைகளுக்குத் தருவதும் இதே மாத்திரைதான். அங்கே ஒன்றே ஒன்று.

கம்பம் பக்கம் கிடை போட்டிருந்தவரிடம் கேட்டேன், பூச்சி மருந்து குடுக்குறதுண்டா என்று.

“ஆட்டுக்கு தவறாம குடுத்துருவோம்ணே.”

“நாய்க்கு?”

“நாய்க்கு எதுக்குண்ணே?”

நாய்க்கு பிராசிகுவான்டல். கிலோ எடைக்கு 5 மில்லிகிராம்.

1863இல் டென்மார்க்கிலிருந்து ஹரால்ட் கிராபே ஐஸ்லாந்துக்குப் போனார். நாய்களை அறுத்துப் பார்த்தார். நூற்றுக்கு 28இல் இந்தப் புழு. அடுத்த வருசம் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். அதை வீடு வீடாக இலவசமாகக் கொடுத்தார்கள். கழிவை நாய்க்குப் போடாதே, புதை அல்லது எரி. மருந்து பிறகுதான் வந்தது. இன்று அங்கே இந்த நோய் இல்லை.

ஒருவருக்குக் கட்டி என்றால் வீட்டில் மற்றவர்களுக்கும் எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன் பார்த்துவிடுவது நல்லது. எல்லோரும் புழங்குவது ஒரே முற்றம், தடவுவது ஒரே நாயை.