பாய்மரச் சிலுவை

தாடிக்கொம்பில் பிறந்தவனுக்குக் கடல் ஏது? குடகனாற்றில் நாலு நாள் தண்ணீர் ஓடினால் எங்களுக்கு அதுவே சமுத்திரம்! ஆனால் என் தாயார் உடன்குடிப் பக்கத்துப் பெண். எங்கள் ஊர்ப் பெருமாள் கோயில் மணியோசை காதில் விழும்போதெல்லாம், மணப்பாட்டுக் குருசை நினைத்துக் கன்னத்தில் போட்டுக் கொள்வாள்.

எனக்கு ஏழு வயதில் விஷ ஜுரம் கண்டது. பிள்ளை பிழைத்தால் மணப்பாட்டுக்கு அழைத்து வருவதாக அம்மா நேர்ந்து கொண்டு, பிரயாணச் செலவுக்கென்று ஒரு ஹார்லிக்ஸ் புட்டியில் காசு போட ஆரம்பித்தாள். நான் பிழைத்தேன். பத்து வயதில் அந்தப் புட்டியிலேயே கைவிட்டேன். திண்டுக்கல்லில் சினிமா, இடைவேளையில் முறுக்கு, சோடா. சொல்ல வெட்கமாக இருக்கிறது, இன்னொரு தடவையும் எடுத்தேன். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் அக்காள் கல்யாணம், அப்பாவின் வைத்தியம் என்று புட்டி நிறைவதும் காலியாவதுமாக முப்பது வருஷம் ஓடிவிட்டது.

ஒரு வழியாக நாங்கள் புறப்பட்டபோது அம்மாவுக்கு முழங்கால் வலி. நேரே போகாமல் தேரி வழியாகத்தான் போக வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தாள். திருச்செந்தூருக்கு மேற்கே இறங்கிப் பார்த்தால் தெரியும். கண்ணுக்கெட்டிய மட்டும் குங்குமத்தைக் கொட்டினாற்போல் செம்மணல் மேடு. பெய்த மழையை உறிஞ்சிவிடும். காற்றடித்தால் மேடு நகரும். பனைதான் அங்கே சீமான். இந்தப் பாலைவனத்தைத் தாண்டி, குலசேகரன்பட்டினத்துக்குத் தெற்கே போனால், கடலுக்குள் மூக்கை நீட்டிய மணல் குன்று. அதன் உச்சியில் திருச்சிலுவை ஆலயம்.

1540-இல் போர்ச்சுகீசியக் கப்பல் ஒன்று இங்கே புயலில் சிக்கியதாம். உயிர் தப்பினால் முறிந்த பாய்மரத்திலேயே சிலுவை செய்து நடுவதாகத் தலைவன் வேண்டிக் கொண்டான். கரையேறியதும் இந்தக் குன்றில் நட்டான் என்பது ஊர் வரலாறு. அதற்கு மூன்று நாலு வருஷம் முன்புதான் இந்தக் கரைப் பரதவர்கள் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். ஆனால் ஜெபம் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. 1542-இல் சவேரியார் வந்தார். ஜெபங்களைத் தமிழில் எழுதி வாங்கி மனப்பாடம் செய்து, மணியடித்துக் குழந்தைகளைக் கூட்டினார். அவர் தங்கிய குகை கடலோரம் இருக்கிறது. அதற்குள்ளே ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு! ஆலயம் எழும்பியது 1581-இல்.

மணல் சுட்டது. என் தோளைப் பிடித்து நடந்த அம்மா பாதி வழியில் நின்றாள்.

"கப்பல்காரன் கரைக்கு வந்ததுமே குடுத்துட்டாம்லே. நான்தான் இம்புட்டு நாளாக்கிட்டேன்."

அவள் கண் கலங்கியிருந்தது. அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை.

"தாமதம் உன்னால் மட்டுமில்லை அம்மா. பத்து வயசிலே அந்தப் புட்டியிலே ஒரு தடவை நான் கை வைத்தேன்."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக் கொண்டாள். கோயில் வாசலில் மெழுகுதிரி விற்ற கிழவியிடம் நான் காசை நீட்டினேன்.

"ரெண்டா வாங்குலே," என்றாள் அம்மா. "ரெண்டு தடவைல்லா எடுத்தே!"