வெப்பக் கணக்கு

என் மகன் மேசைமீது அறுகோணக் கட்டங்கள் அச்சிட்ட தாளை விரித்து, பேரெந்திரப் பொம்மைகளை நிறுத்திப் போர் புரிவான். 'பேட்டில்டெக்' என்னும் அவ்விளையாட்டு, 1984இல் அமெரிக்காவில் வேறொரு பெயரில் வெளிவந்து, மறு ஆண்டே இப்பெயர் பூண்டது.

அதில் என் உள்ளம் கவர்ந்தது வெப்பக் கணக்கே. பீரங்கிக்குக் குண்டு வேண்டும். தீர்ந்துவிட்டால் அது வெறும் இரும்பு. லேசர் முதலிய ஆற்றற் படைக்கலங்களுக்குக் குண்டு வேண்டா. அவை வெப்பத்தையே விலையாகக் கேட்கும். துகள் பீரங்கியின் எடை 7 டன். ஒருமுறை சுட்டால் பகைவனுக்கு 10 புள்ளி சேதம், சுட்டவனுக்கு 10 புள்ளி வெப்பம். எந்திரத்தில் இருப்பனவோ, தலைக்கு ஒரு புள்ளி தணிக்கும் 10 தணிப்பான்கள். நடந்துகொண்டே சுட்டால் ஒரு புள்ளி மிஞ்சும். மிச்சம் ஏற ஏற நடை தளரும், குறி பிசகும். 30ஐ எட்டினால் எந்திரம் தானே அணைந்து பகைவர்முன் மரமாய் நிற்கும். சுடுமுன் எண்ணிப் பார்க்க வைக்கும் விதி இது!

பின்னாளில் இரட்டைத் தணிப்பான் புகுந்தது. அதே எடை, 20 புள்ளி தணியும். தயக்கம் தொலைந்தது. அதே சேதம் விளைக்கும் 12 டன் குண்டுப் பீரங்கியை இனி எவர் சுமப்பார்?

"லேசர்களின் வெப்பத்தைக் கூட்டிவிடலாமா, அத்தா?" என்றான் மகன். கூட்டினால் பழைய தணிப்பானுடைய ஏழை எந்திரங்களே முதலில் வேகும் என்றேன். படைக்கலத்தைத் தொடாது, இயந்திரத்துள் அமைந்த பத்துக்கும் ஒற்றைக் கணக்கு, வெளியே கூட்டுவனவற்றிற்கு மட்டும் இரட்டைக் கணக்கு என்று எழுதினோம். அவன் வேலைக்காக வெளியூர் புறப்பட இன்னும் ஒன்பது நாள்களே உள்ளன. மூன்று ஆட்டங்கள்தாம் ஆடிப் பார்த்திருக்கிறோம்.