இன்னொரு தடவை அளந்து பாருங்க

ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் நான் படகில் வேலை பார்த்தேன். அம்மா சொந்தக்காரர்களிடம் 'கடல் ஆராய்ச்சி' என்று சொல்லிக்கொள்வார். உண்மையில் என் வேலை, தூர்வாரும் கப்பலைச் சுற்றிக் குறிக்கப்பட்ட இடங்களில் படகை நிறுத்தி, ஒரு கருவியை மூன்று ஆழங்களுக்கு இறக்கி, தண்ணீர் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று குறித்துக்கொள்வது. காலை ஏழு மணிக்குப் படகேறினால் இறங்க மாலையாகிவிடும். கழிப்பறை இல்லாத படகில் ஒரு பெண் நாளெல்லாம் இருப்பதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம்.

படகோட்டி ஜொகூர்க்காரர். விடியற்காலையில் பாலம் தாண்டி மோட்டார் சைக்கிளில் வருவார். நான் அவரை அண்ணன் என்பேன். அவர் என்னைத் தங்கச்சி என்பார். கருவியை இறக்கும் முன்பே சொல்லிவிடுவார்: “இன்னைக்குத் தே ஓ லா, தங்கச்சி.” நிலைமை மோசமென்றால் தே தாரேக். அவர் கணக்கும் கருவியின் கணக்கும் பெரிதாக வேறுபட்டதில்லை.

கப்பலின் பெரிய வாளி அடிமண்ணைக் கவ்வித் தூக்கும்போது சேறு வழிகிறது. கனமான மணல் அங்கேயே விழுந்துவிடும். மெல்லிய வண்டல் நீரோட்டத்தோடு போகும். போகிற வழியில் வெளிச்சத்தை மறைக்கும். பவளத்துக்குள் குடியிருந்து அதற்குச் சோறு போடும் நுண்பாசிகளுக்கு வெளிச்சம் வேண்டும். பிறகு மேலே படியும். பவளம் கோழையைச் சுரந்து அதைத் தள்ளிவிடப் பார்க்கும். கொஞ்ச நாள் முடியும். மண்ணுக்குள் வாழும் புழுவும் மட்டியும், மேலே விழும் படிவு மெலிதாக இருந்தால் ஏறி வந்துவிடும், தடிமனானால் அங்கேயே சமாதி. வாளிக்குள்ளேயே போனவை பற்றிப் பேச்சே இல்லை.

இதையெல்லாம் முழுதாகத் தடுக்க முடியாது, நிர்வகிக்கத்தான் முடியும். டென்மார்க்குக்கும் சுவீடனுக்கும் நடுவே ஓரசுண்ட் பாலம் கட்டியபோது, தோண்டும் மண்ணில் 5 விழுக்காட்டுக்கு மேல் கடலில் சிதறக்கூடாது என்று வரம்பு வைத்தார்கள். எங்கள் வேலையிடத்திலும் மிதவையில் தொங்கும் வண்டல் திரை இருந்தது, கலங்கலுக்கு ஒரு வரம்பு இருந்தது. வரம்பு மீறினால் மறுபடி அளக்க வேண்டும். அப்போதும் மீறினால் தகவல் போகும், கப்பல் வேகத்தைக் குறைக்கும் அல்லது நிறுத்தும். நல்ல ஏற்பாடுதான். ஒரு நாள் கப்பல் நின்றால் எவ்வளவு பணம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது என்பதுதான் சிக்கல்.

சில மாதங்களுக்கு ஒருமுறை அடிமண்ணையும் எடுப்போம். இரண்டு தாடை கொண்ட இரும்புக் கவ்வி, வாய் நிறையச் சேற்றோடு மேலே வரும். சல்லடையில் கொட்டிக் கடல்நீர் ஊற்றி அலசினால் சேறு போய், உயிர்கள் தங்கும். நூல் போன்ற புழுக்கள், நகத்தளவு சிப்பிகள், ஒடிந்த கையைச் சுருட்டிக்கொண்டிருக்கும் சின்ன நட்சத்திரங்கள். அவற்றை ரசாயனத்தில் போட்டுப் புட்டியை மூடுவோம். எத்தனை உயிர் இருக்கிறது என்று எண்ணுவதற்கு முதலில் அவற்றைக் கொல்ல வேண்டியிருந்தது. அண்ணன் ஒருநாள் புட்டியைத் தூக்கிப் பார்த்து, “இதுங்களுக்காகவா நம்ம ரெண்டு பேருக்கும் சம்பளம் கொடுக்கிறாங்க?” என்றார். நம்பவே இல்லை அவர்.

அந்த நாளுக்கு வருகிறேன். மதியம், நீர் வற்றம். அண்ணன் தே தாரேக் என்றார். கருவி, வரம்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு காட்டியது. குறிப்பேட்டில் எழுதிவிட்டு, வேலையிடத்துக்குப் போன் செய்தேன். அந்தப் பக்கம் குரல் பணிவாகவே இருந்தது. “இன்னொரு தடவை அளந்து பாருங்க மிஸ். படகு கொஞ்சம் இழுத்துக்கிட்டுப் போயிருக்கும். அந்தப் பக்கமாத் தள்ளி எடுங்களேன்.” அந்தப் பக்கம் என்பது நீரோட்டத்துக்கு எதிர்ப்பக்கம். சேறு போகாத பக்கம்.

அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். நான் கையைக் காட்டினேன். படகைத் தள்ளி நிறுத்தினார். அளவு வரம்புக்குள் வந்தது. அதைத்தான் அனுப்பினேன். யாரும் மிரட்டவில்லை. 'ஒருவேளை படகு நகர்ந்திருக்கும்தானே' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திரும்பும்போது அண்ணன் ஒன்றும் பேசவில்லை. வழக்கமாகக் கரை சேரும்வரை பாட்டுப் போடுவார்.

பத்து நாள் கழித்து வண்டல் திரையின் ஒரு பகுதி கிழிந்து தொங்குவதைக் கண்டுபிடித்தார்கள். எப்போது கிழிந்தது என்று தெரியவில்லை. அந்த மாத அறிக்கையில் வரம்பு மீறல் இல்லை என்று இருந்தது. பக்கத்துத் திட்டில் ஏதாவது பவளம் என்னால் செத்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. யாராலும் முடியாது. அந்த வசதியில்தான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

வேலையை விட்ட பிறகு செக் ஜாவாவுக்குப் போனேன். புலாவ் உபினின் கிழக்கு முனை. அதை மேடாக்கும் வேலை தொடங்கவிருந்த 2001இல், நீர் வற்றும் நேரம் பார்த்து மக்கள் கூட்டம் கூட்டமாக அங்கே நடந்துபோய், நட்சத்திரமீனையும் கடல் சாமந்தியையும் நேரில் பார்த்தார்கள். கடிதம் எழுதினார்கள். 2002 ஜனவரியில் திட்டத்தைத் தள்ளிவைப்பதாக அரசாங்கம் உறுதிசெய்தது. துவாஸ் துறைமுகத்துக்காக சுல்தான் ஷோலிலிருந்து 2,300க்கும் மேற்பட்ட பவளக் கூட்டங்களை எடுத்துத் தெற்குத் தீவுகள் பக்கம் நட்டார்கள். பவளத்துக்கு நிறம் உண்டு, படம் எடுக்கலாம். என் சல்லடைப் புழுக்களை யார் எங்கே கொண்டுபோய் நடுவது? பதினைந்து மீட்டர் ஆழம் எந்த வற்றத்திலும் வெளியே தெரியாது. அங்கே நடப்பதற்கு ஒரே சாட்சி அந்த எண்தான். எண்ணுக்குச் சாட்சி படகில் இருக்கும் ஆள்.

ஜொகூர் நீரிணை விவகாரத்தில் மலேசியா 2003இல் சிங்கப்பூர்மீது வழக்குப் போட்டு, 2005இல் உடன்பாடு ஆனபோது, மீனவர்களுக்கு 374,400 ரிங்கிட் இழப்பீடு என்று முடிவானது. அண்ணனிடம் சொன்னேன். “மீன் பிடிக்கிறவன் கேட்டான், கொடுத்தாங்க. மீனு யாருகிட்ட கேக்கும்?” என்றார்.

அப்பாவிடம் இதைச் சொல்ல எனக்குப் பயம். துறைமுகச் சம்பளத்தில் எங்களைப் படிக்க வைத்தவர் அவர். கப்பல் வர ஆழம் வேண்டும் என்பதில் அவருக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது, எனக்கும் கிடையாது. சொன்னபோது வேறெதையோ பேசினார். பாசிர் பாஞ்சாங்கில் சின்ன வயதில் நெஞ்சளவுத் தண்ணீரில் நின்றால் கால்விரல் தெரியுமாம். இங்கே அறுபதுகளில் பத்து மீட்டர் ஆழம்வரை பார்க்க முடிந்த கடலில் பிறகு இரண்டு மீட்டரே தெரிந்தது என்று படித்திருக்கிறேன். வேலை தொடங்கும் முன் அளந்து 'இயல்பு நிலை' என்று நாங்கள் எழுதிக்கொண்டது அந்த இரண்டு மீட்டர் கடலை. என் வரம்பே கலங்கலில் இருந்துதான் தொடங்கியது. அப்பாவின் கால்விரல் எந்தப் படிவத்திலும் இல்லை.

குறிப்பேட்டில் முதல் அளவை நான் அடிக்கவில்லை. அதற்குக் கீழே இரண்டாவது அளவு இருக்கிறது. அனுப்பிய படிவத்தில் இரண்டாவது மட்டும்.

போன மாதம் அண்ணன் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தார். வேறொரு வேலையிடமாம். “புதுசா ஒரு பொண்ணு வருது, தங்கச்சி. உன்னை மாதிரியே வாந்தி எடுக்குது. அதுக்கும் போன் வருது.” முதல் அளவையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள் என்று பதில் எழுதினேன். ரொம்ப நேரம் கழித்து, “நான் படகோட்டி லா, சொன்னாக் கேக்குமா?” என்று வந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று: “சரி, சொல்லிப் பாக்குறேன்.”