திரையில் தோன்றுவதும் தளத்தில் நிற்பதும்

கணினி நிரல் பற்றிக் கலைப்பீட மாணவன் ஒருவன் எழுத முற்படுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும், நான் ஈண்டுக் கூற விழைவது நம் ஏடுகளைப் பற்றியும் அவற்றைக் காப்பதில் நான் இழைத்த தவறு பற்றியுமேயாம்.

ஈழத்துத் தமிழ் ஏடுகளில் எழுதியோருட் பலர் புனைபெயர்களிலேயே எழுதினர். அப்பெயர்களுக்குரியோர் எவரென அறிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கொட்டாஞ்சேனையில் வாழ்கிறார். 1983 யூலை வன்செயலின்போது வெள்ளவத்தையில் அவரது வீடும், அவர் சேர்த்துவைத்த சஞ்சிகைகளும் எரிந்தன. எஞ்சியது அவர் நினைவு மட்டுமே. சென்ற ஆண்டு அந்நினைவிலிருந்து அவர் கூறிய 41 புனைபெயர்களையும் அவற்றுக்குரியோர் பெயர்களையும் நான் கணினியிற் பதிந்தேன்.

அதற்கென நான் எழுதிய நிரல் பிஎச்பி மொழியில் அமைந்தது. ராஸ்மஸ் லெர்டோர்ஃப் 1995இல் வெளியிட்ட இம்மொழி, வலைப்பக்கங்களை ஆக்கப் பெரிதும் பயன்படுவது. நிரல் தரும் வெளியீடு இயல்பாக உலாவியின் திரைக்கே சென்றுவிடும். அதனைத் தடுத்து நிறுத்தி, ‘மாறி’ எனப்படும் தற்காலிகக் கொள்கலத்தில் இடவும் வழியுண்டு. ஆனால் நிரல் ஓடி முடிந்ததும் மாறியும் மறைந்துவிடும். நிலைத்திருக்க வேண்டியதைத் தரவுத்தளத்தில் எழுதிவிடுதல் வேண்டும். எனது நிரலும் ஒவ்வொரு பதிவையும் மாறியில் இட்டு, அங்கிருந்து தளத்துக்கு அனுப்பி, பின்னர் திரையிலும் காட்டியது. திரையில் தமிழ் அழகுறத் தோன்றக் கண்டு மகிழ்ந்தேன்.

சில மாதங்களின் பின் பட்டியலைத் திறந்தபோது வினாக்குறிகளே வரிவரியாக நின்றன. காரணம் எளியது. சங்கத்துக்குக் கொடையாகக் கிடைத்த கணினியில் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் பழைய பதிப்பே இருந்தது. 2018இல் வெளிவந்த 8.0 பதிப்புக்கு முந்தியவற்றில், நாம் வேறொன்றைக் குறிப்பிடாவிடின், லத்தீன் எழுத்துத் தொகுதியே கொள்ளப்படும். அத்தொகுதியில் தமிழுக்கு இடமில்லை. ஆதலின் ஒருங்குறியின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரு வினாக்குறி வந்து அமர்ந்தது. ‘கொட்டாஞ்சேனை’ என்னும் ஆறெழுத்துச் சொல் 12 வினாக்குறிகளாயிற்று. அப்பழைய பதிப்பு பிழையென்று கூறி நிற்கவுமில்லை. எச்சரிக்கை ஒன்றைப் பதிந்துவிட்டுத் தொடர்ந்தது. நான் திரையிற் கண்டதோ மாறியில் இருந்ததை. தளத்தில் இருந்ததை அன்று. வினாக்குறிகளிலிருந்து மூல எழுத்தை மீட்க வழியில்லை.

மீண்டும் கொட்டாஞ்சேனைக்குச் சென்றேன். நடந்ததைச் சொன்னபோது ஆசிரியர் சினக்கவில்லை. “எரிஞ்ச பிறகு இவ்வளவு காலமும் என்ர தலைக்குள்ளைதான் இருந்தது, தம்பி. நீங்கள் எங்கை வைச்சனீங்கள்?” என்று மட்டும் கேட்டார். என்னால் விடையிறுக்க இயலவில்லை. இம்முறை 41 புனைபெயர்களையும் கூறினார். ஆனால் ஒன்பதுக்கு உரியவர் எவரென்பது அவர் நினைவுக்கு வரவில்லை. முதுமை அச்சில மாதங்களுக்குள் தன் பங்கை எடுத்துக்கொண்டுவிட்டது.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்ததை நாம் ஆண்டுதோறும் நினைவுகூருகின்றோம். அது தகும். 2005இல் தொடங்கப்பெற்ற ‘நூலகம்’ எண்ணிம நூலகம் நம் நூல்களையும் இதழ்களையும் மின்வடிவிற் சேர்த்துவருவதும் போற்றற்குரியது. ஆயினும் பகைவர் தீ மட்டுமே ஏடுகளை அழிப்பதன்று. நன்மனத்தோடு செய்யப்பட்டுச் சரிபார்க்கப்படாத பணியும் அழிக்கும். அவ்வழிவுக்குப் புகையுமில்லை, சாட்சியுமில்லை.

இப்போது எழுத்துத் தொகுதியைத் திருத்தியுள்ளேன். ஒவ்வொரு நாளும் பதிவு முடிந்ததும் நிரலை மூடி, மீளத் திறந்து, தளத்திலிருந்தே பெயர்களைப் படித்துப் பார்க்கிறேன். ஒரு படியைத் தாளிலும் அச்சிட்டு வைக்கிறேன். அவ்வொன்பது புனைபெயர்களும் சங்க அறையின் அறிவித்தற் பலகையில் உள்ளன. உரியோரை அறிந்த விரிவுரையாளர்களும் மாணவ நண்பர்களும் அவற்றின் எதிரே பெயரை எழுதி உதவுவாராக.